பாடம் எடுக்க வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள்

கடன் வாங்கிய ஏழைக் குடும்பங்களை மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க, 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஜூனில் அது நடைமுறைக்கும் வந்தது. வலுக்கட்டாயமாக வசூலித்தால் மூன்று ஆண்டுகள் வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். வாசலில் நின்று கத்துகிற வசூல்காரரை இந்தச் சட்டம் தடுக்கக்கூடும். ஆனால், அந்த ஆள் போன மறுநாளே அதே வீட்டில் அடுத்த கடன் ஏன் வாங்கப்படுகிறது?

இந்தக் கேள்விக்கு அரசும் வங்கிகளும் நெடுநாளாக வைத்திருக்கும் பதில் 'நிதிக் கல்வி'. ஆண்டுதோறும் பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி நிதி விழிப்புணர்வு வாரம் நடத்துகிறது. ஊரகப் பகுதிகளுக்காக 2017இல் தொடங்கிய நிதிக் கல்வி மையங்கள் இன்று நாடு முழுக்க இருக்கின்றன. நோக்கத்தில் குறையில்லை. நடைமுறையில் அது பெரும்பாலும் ஒரு ஷாமியானா, ஒரு பேனர், ஒரு மணி நேரப் பேச்சு, தேநீர், கூட்டப் புகைப்படம் என்று முடிந்துவிடுகிறது. 'வரவுக்குள் செலவு செய்யுங்கள், மாதாமாதம் சேமியுங்கள்' என்று மேடையில் சொல்பவருக்கு மாதச் சம்பளம் வருகிறது. கீழே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மாதம் என்ற கணக்கே கிடையாது. வருமானம் நாளுக்கு நாள், தவணை வாரத்துக்கு வாரம்.

கணக்குத் தெரியாதவர்களா?

ஏழைகளுக்குக் கணக்குத் தெரியாது என்ற எண்ணத்தில்தான் இந்த முகாம்கள் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு காய்கறிக் கடைக்காரம்மாவிடம் பத்து நிமிடம் நின்று பார்த்தால் இந்த எண்ணம் போய்விடும். கிலோ முப்பத்தெட்டு ரூபாய் தக்காளியில் முக்கால் கிலோ, கால் கிலோ பச்சை மிளகாய், கொசுறு கறிவேப்பிலை, பழைய பாக்கி பன்னிரண்டு ரூபாய் எல்லாம் சேர்த்து அவர் சொல்லும் தொகை, நாம் கைபேசியை எடுத்துத் தட்டுவதற்குள் வந்துவிடும்.

தினமும் வசூலிக்கும் தண்டல் கடனையே எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பேச்சு. கையில் கொடுப்பது எட்டாயிரத்து ஐந்நூறு. மீதியை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். நூறு கட்டம் போட்ட ஒரு சின்ன அட்டை. ஒவ்வொரு நாளும் ஒரு கட்டத்தில் டிக் அல்லது கையெழுத்து. தினமும் கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாகக் கடன் வாங்கியவர் கையில் இருப்பது நாலாயிரத்து சொச்சம்தான். அதற்கு நூறு நாளில் 1,500 ரூபாய் வட்டி. ஆண்டுக்கு என்று கணக்கிட்டால் 120 சதவீதத்தைத் தாண்டும்.

சதவீதம் என்று சொன்னால் அந்தக் கடைக்காரம்மாவுக்குப் பிடிபடாது. "நூத்துக்குப் பத்து வட்டிக்கு மேலே போவுது" என்று சொன்னால் உடனே புரியும். ஆனால், அவருக்கு இது ஏற்கெனவே தெரியும். தெரிந்தேதான் வாங்குகிறார். காலை நாலு மணிக்குச் சரக்கு எடுக்கக் காசு வேண்டும். அந்த நேரத்தில் எந்த வங்கியும் திறந்திருக்காது.

கோயம்பேட்டில் நடந்தது

கோயம்பேடு சந்தையில் பல ஆண்டுகளுக்கு முன்பு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகியோரின் ஆய்வு அது. அதிக வட்டிக்குக் கடன் வாங்கிப் பிழைக்கும் சிறு வியாபாரிகளின் கடனை அவர்களே அடைத்துவிட்டார்கள். பிலிப்பைன்ஸிலும் இதையே செய்தார்கள். கடன் முழுக்கத் தீர்ந்த அந்த வியாபாரிகளில் பெரும்பாலோர் ஆறே வாரத்தில் மீண்டும் கடனுக்குள் வந்துவிட்டனர். ஓரிரு ஆண்டுகளில், உதவி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் கடனில் வித்தியாசமே இல்லை.

கணக்கு என்னவோ எளிதுதான். அந்தச் சந்தையில் ஆயிரம் ரூபாய் கடனுக்கு ஒரு நாள் வட்டி ஐம்பது ரூபாய் வரை போகும். தினமும் ஐந்து ரூபாயை எடுத்துவைத்து, மறுநாள் அந்த அளவுக்குக் கடனைக் குறைத்து வாங்கி, மிச்சமாகும் வட்டியையும் அதிலேயே சேர்த்தால், ஐம்பது நாளில் கடனே வாங்காமல் சொந்தக் காசில் சரக்கு எடுக்கலாம். ஐந்து ரூபாய் என்பது ஒரு டீக்கும் குறைவு.

பிறகு ஏன் நடக்கவில்லை? ஒரு வாரம் மழை பெய்தால் வியாபாரம் படுத்துவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் கடை கிடையாது. ஊரில் ஒரு சாவு விழுந்தால் பேருந்துக் காசு வேண்டும். கடன் தீர்ந்த கையில் இருப்பது கடனில்லாத நிலை மட்டும்தான். அடுத்த இடியைத் தாங்க எதுவும் இல்லை. மீண்டும் அதே தண்டல்காரரிடம் போவதைத் தவிர வேறு வாசல் திறந்திருக்காது.

இன்னொரு ஆய்வும் நம் மண்ணில் நடந்ததுதான். தமிழகக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சந்தித்து, சிந்தனைத் திறனை அளக்கும் எளிய சோதனைகளைக் கொடுத்தார்கள். ஆய்வு 2013இல் வெளியானது. அதே விவசாயி, கையில் பணமில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் குறைவாகவும், பணம் வந்த பிறகு கூடுதலாகவும் மதிப்பெண் வாங்கினார். மனிதர் மாறவில்லை, அறிவு மாறவில்லை. பணக்கவலை மூளையில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில் இருப்பவரைக் கூட்டி வைத்துக் கூட்டு வட்டி பற்றிப் பாடம் எடுத்தால் எவ்வளவு ஏறும்?

ஆள் துணை இருந்தால்?

அகமதாபாத்தில் குறைந்த வருவாய்க் குடும்பங்களிடம் நடந்த ஓர் ஆய்வு, 2019இல் வெளியானது, இதற்குப் பதில் தருகிறது. ஒரு பிரிவினருக்கு வெறும் நிதிக் கல்விக் காணொளிகள். இன்னொரு பிரிவினருக்கு அதோடு சொந்த இலக்கு ஒன்றை எழுதிவைக்க உதவி. மற்றொரு பிரிவினருக்குத் தனித்தனியே உட்கார்ந்து ஆலோசனை. காணொளி மட்டும் பார்த்தவர்களின் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இலக்கும் தனி ஆலோசனையும் சேர்ந்தபோதுதான் வரவு செலவு எழுதுவதும் சேமிப்பதும் கூடின.

டொமினிகன் குடியரசில் சிறு வியாபாரிகளிடம் முறையான கணக்குப் பதிவியலை ஒரு பிரிவுக்கும், 'கடைக் காசை ஒரு டப்பாவிலும் வீட்டுக் காசை இன்னொரு டப்பாவிலும் வை' என்பது போன்ற கைப்பழக்க விதிகளை இன்னொரு பிரிவுக்கும் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். டப்பா ஜெயித்தது. நியூயார்க் நகர நிர்வாகம் 2008 முதல் குறைந்த வருவாய்க்காரர்களுக்கு இலவசமாகத் தனி ஆலோசகரை ஒதுக்கி, கடன், சேமிப்பு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் அவரோடு உட்கார்ந்து சரிசெய்யும் மையங்களை நடத்துகிறது. பணக்காரருக்குத் தணிக்கையாளர் இருப்பதுபோல ஏழைக்கும் கணக்குப் பார்க்க ஓர் ஆள் என்பதுதான் அதன் சாரம். நம் ஊரில் இதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால், தண்டலுக்குப் போகும் வட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஒரு வீட்டுக் கணக்கு

அப்படி ஓர் ஆள், ஒரு வழிகாட்டி, வந்து உட்கார்ந்தால் என்ன செய்வார்? வடசென்னையில் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணின் கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீட்டில் வேலை, மாதம் 12,000. கணவர் பெயின்டர், நாள் கூலி 800, மாதம் பதினைந்து நாள் வேலை. கணவர் சம்பாதிக்கும் பன்னிரண்டாயிரத்தில் வீட்டுக்கு வருவது எட்டாயிரம். மீதி எங்கே போகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டாஸ்மாக் கடை தெருமுனையில் இருக்கிறது. அரசு தரும் மகளிர் உரிமைத்தொகை 1,000. ஆக, கையில் 21,000.

செவ்வாய்க்கிழமை ஒரு நுண்கடன் நிறுவனத்துக்கு 780, வியாழக்கிழமை இன்னொன்றுக்கு 650. மாதத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம். தண்டலுக்கு 3,000. வாடகை 5,000. சாப்பாடு, சிலிண்டர், கரண்ட் பில், பள்ளி ஆட்டோ, ரீசார்ஜ் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது ஏழாயிரத்துக்கும் குறைவு. நாலு பேர் சாப்பிட வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது, கடன் தரும் நிறுவனத்தின் கணினிக்கு இந்தப் பெண் 'நல்ல வாடிக்கையாளர்' என்பதுதான். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, நுண்கடன் வாங்கும் குடும்பத்தின் மாதத் தவணைகள் வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்ல விதி. ஆனால் தண்டல் எந்தக் கடன் பதிவேட்டிலும் ஏறாது. கணவரின் முழுக் கூலியும் குடும்ப வருமானமாகக் கணக்கில் ஏறிவிடும். அந்தக் கணக்குப்படி இவருக்கு இன்னும் ஆறாயிரம் ரூபாய்த் தவணைக்கு இடம் இருக்கிறது! நுண்கடன் நிறுவனங்களின் கூட்டமைப்பு, ஒருவருக்கு மூன்று நிறுவனங்களுக்கு மேல் கடன் தருவதில்லை என்று 2025 ஏப்ரல் முதல் வரம்பு வைத்திருக்கிறது. இவருக்கு இரண்டுதான் ஆகியிருக்கிறது. மூன்றாவது நிறுவனத்தின் ஆள் அடுத்த வாரம் கதவைத் தட்டுவார்.

முகாமில் இந்தப் பெண்ணிடம் "கடன் வாங்காதீர்கள்" என்பார்கள். வழிகாட்டி அப்படிச் சொல்ல மாட்டார். முதல் ஒரு மாதம் எதையும் மாற்றச் சொல்லாமல், வந்ததையும் போனதையும் நோட்டில் எழுதிப் பார்ப்பார். எழுதத் தெரியாவிட்டால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போதும். பிறகு தண்டல் அட்டையைக் கையில் எடுப்பார்.

தண்டலை இடையில் அடைத்து லாபமில்லை. வட்டியை முதலிலேயே பிடித்தாகிவிட்டதால், மீதிக் கட்டங்களுக்கான முழுப் பணத்தையும்தான் கேட்பார்கள். ஆகவே, செய்ய வேண்டியது நூறாவது நாளில். அன்றைக்கு அடுத்த அட்டை வாங்காமல் நிறுத்த வேண்டும். இந்தப் பெண்ணுக்குத் தினம் நூறு ரூபாய் கட்டும் ஒழுக்கம் ஏற்கெனவே இருக்கிறது. எந்த முகாமும் அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. அதே அட்டை, அதே நூறு கட்டம், அதே நூறு ரூபாய். வசூலிப்பவர் மட்டும் மாற வேண்டும்: தெருவில் இருக்கும் மகளிர் குழுவின் கணக்காளர் வாங்கி அவர் பெயரில் போடட்டும். எண்பத்தைந்து நாளில் தண்டல்காரர் கையில் கொடுக்கும் அதே 8,500 அவருடைய சொந்தப் பணமாக இருக்கும்.

அந்த எண்பத்தைந்து நாளில் அவசரம் வந்தால்? அங்கேதான் வெறும் அறிவுரை தோற்கும். குழுவின் உள்கடனை நூற்றுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் வட்டியில் அவசரத்துக்குப் பெற முன்கூட்டியே ஏற்பாடு இருக்க வேண்டும். வீட்டில் ஒரு மோதிரமோ கம்மலோ இருந்தால், கூட்டுறவு வங்கியில் அடகு வைப்பதும் தண்டலைவிடப் பல மடங்கு மலிவு. நகையை அடகு வைப்பதை அவமானம் என்று நினைத்து, ஊருக்குத் தெரியாத தண்டலுக்குப் பத்து மடங்கு வட்டி கட்டும் குடும்பங்கள் ஏராளம். கௌரவத்துக்குக் கொடுக்கும் விலை அது. இதை மேடையில் சொல்ல முடியாது. திண்ணையில் உட்கார்ந்துதான் சொல்ல முடியும்.

கணவரையும் உட்கார வைக்காமல் இந்த வேலை பாதிதான் நடக்கும். பெண்கள் குழு, பெண்கள் பயிற்சி, பெண்கள் சேமிப்பு என்று எல்லாவற்றையும் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு, வீட்டுக்கு வராத நாலாயிரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வழிகாட்டி மாலை ஏழு மணிக்கு வர வேண்டும், பகல் பதினொரு மணிக்கு அல்ல.

யார் வழிகாட்டியாக இருக்கக் கூடாது?

கடன் கொடுப்பவரின் ஊழியர், காப்பீட்டு முகவர், ஏலச்சீட்டு பிடிப்பவர், நகைச்சீட்டுக்கு ஆள் சேர்ப்பவர். சுருக்கமாக, அந்த வீட்டில் எதையாவது விற்று கமிஷன் பெறக்கூடிய எவரும். மாதம் 25, 30 சதவீதம் வட்டி தருவதாகச் சொன்ன ஆருத்ரா நிறுவனத்தில் சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானதாகக் காவல் துறை சொல்கிறது. இப்படிப்பட்ட திட்டங்கள் விளம்பரத்தால் மட்டும் பரவுவதில்லை. தெரிந்தவர், உறவுக்காரர், 'நான் போட்டேன், வந்தது' என்று சொல்வதால் பரவுகின்றன. அந்த நம்பிக்கையை எந்த லாபமும் இல்லாத ஒருவரிடம் மாற்றித் தர வேண்டும்.

வீட்டுக் கணக்கு ரகசியம் என்பதும் அடிப்படை. மாமியாருக்குத் தெரியாமல் வைத்திருக்கும் ரூபாய் பற்றி வழிகாட்டிக்குத் தெரிந்தால், அது தெருவுக்குப் போகக் கூடாது. ஒருமுறை போனால் அந்தத் தெருவே கதவைச் சாத்திவிடும்.

எங்கே தொடங்கலாம்?

புதிதாக ஒரு துறை வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், அந்தந்தப் பகுதிப் பெண்களே வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ரத்த அழுத்தத்தைப் போலவே கடனையும் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்க்கலாம். மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் கீழ் இயங்கும் குழுக்களில் கணக்கு எழுதித் தேர்ந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. 150 குடும்பத்துக்கு ஒருவர் என்று, கௌரவமான மாதச் சம்பளத்தில், முதலில் நான்கைந்து ஒன்றியங்களிலும் சென்னையின் சில வார்டுகளிலும் தொடங்கலாம். மூன்று ஒன்றியத்துக்கு ஒரு மையம் என்ற இன்றைய நிதிக் கல்வி ஏற்பாட்டால் வீட்டுத் திண்ணையை எட்டவே முடியாது. எத்தனை பேர் முகாமுக்கு வந்தார்கள் என்று எண்ணுவதையும் விட வேண்டும். ஓராண்டில் எத்தனை தண்டல் அட்டைகள் நின்றன என்று எண்ணட்டும்.

வழிகாட்டியின் நாட்காட்டி வங்கியின் நாட்காட்டியாக இருக்கக் கூடாது. ஏழைக் குடும்பத்துக்கு நெருக்கடி ஜூனில் பள்ளி திறக்கும்போது வரும், ஆடி, ஆவணியில் காதுகுத்து, கல்யாண மொய்யாக வரும், தீபாவளிக்கு வரும். ஜூன் செலவைப் பற்றி ஜூனில் பேசிப் பயனில்லை. 2023 செப்டம்பர் முதல் ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களின் கணக்குக்கு மகளிர் உரிமைத்தொகையாக மாதம் 1,000 ரூபாய் வருகிறது. விரும்புகிறவர்களுக்கு மட்டும், அதில் 300 ரூபாய் அதே வங்கியில் பத்து மாத ஆர்.டி.க்குத் தானாகப் போக வழி செய்யலாம். ஜூலையில் தொடங்கினால் மே கடைசியில் மூவாயிரமும் வட்டியும் கையில் இருக்கும். கட்டாயமாக்கினால் திட்டம் கெட்டுவிடும். அந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அந்தப் பெண்ணுடையது.

தண்டலைப் பதிவேட்டுக்குள் கொண்டுவருவது கடினம். ஆனால், காலையில் வாங்கி மாலையில் கட்டும் சரக்குக் கடனைக் கூட்டுறவு வங்கிகள் சந்தையிலேயே தரலாம். கோயம்பேட்டில் விடியற்காலை மூன்று மணிக்குத் திறக்கும் ஒரு கூட்டுறவு வங்கிச் சாளரம், முந்நூறு முகாம்கள் செய்யாததைச் செய்யும்.

கடைசியாக, வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கும் வாசகர்களுக்கு. சம்பளத்தை ஐந்தாம் தேதி, எட்டாம் தேதி என்று இழுக்காமல் ஒரே தேதியில் கொடுங்கள். உங்களுக்கு மூன்று நாள் தாமதம் என்பது அவருக்கு ஒரு தவணை. தீபாவளி போனஸில் பாதியை ஜூன் முதல் வாரமே கொடுத்துவிடுங்கள். அவருடைய நுண்கடன் அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் படித்துக் காட்டுங்கள். காலை ஒன்பதுக்கு முன்போ மாலை ஆறுக்குப் பின்போ வசூலுக்கு வரக் கூடாது என்றும், கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை என்றும், தாமதமானால் தாமதமான தொகைக்கு மட்டும்தான் அபராதம் என்றும், சம்மதமில்லாமல் காப்பீட்டை அதில் ஒட்டக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கியின் விதி இருப்பதைச் சொல்லுங்கள். விதியை மீறினால் முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுக்கவும், அங்கே தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகவும் உதவுங்கள். அதற்கான உதவி எண் 14448.